உழைப்பு இல்லம் முதல் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் வரை: ஒன்ராறியோவில் முதுமைப் பராமரிப்பின் வரலாறும் ஈழத்தமிழ் மூத்தோரும்

1. முன்னுரை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், வெலிங்ரன் கவுண்டியில், பேர்கஸ், எலோரா என்னும் இரு சிற்றூர்களுக்கு இடையே பெரியதொரு கற்கட்டடம் நிற்கிறது. இன்று அது அக்கவுண்டியின் அருங்காட்சியகமாகவும் ஆவணக்காப்பகமாகவும் விளங்குகிறது. 1877ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டபோது அதன் பெயர் உழைப்புக்கும் தஞ்சத்துக்குமான இல்லம். வேலையற்றோர், அநாதைகள், மனநோயாளர், கைவிடப்பட்ட கர்ப்பிணிகள் ஆகியோரோடு, போக்கிடமற்ற முதியோரும் அங்கே சேர்க்கப்பட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஏனையோருக்கு வேறு நிறுவனங்கள் தோன்றின. முதியோர் மட்டும் அங்கேயே எஞ்சினர். இன்றைய நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களின் முன்னோடி அக்கட்டடமும் அதனையொத்த பிற கட்டடங்களுமேயாம்.

அக்கட்டடத்துக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் முதுமையடையும் ஒரு தாய்க்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். முதியவர் ஒருவர் தளர்ந்துபோகும்போது அரசும் ஊரும் எழுப்பும் கேள்விகள் இரண்டு: இவர் யாருடைய ஆள்? இவருக்கான செலவு யார் பொறுப்பு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவுண்டி மன்றங்கள் எழுப்பிய இவ்விரு கேள்விகளும் குடிவரவுச் சட்டத்தினுள்ளும் மருத்துவக் காப்புறுதியினுள்ளும் புகுந்து இன்றும் நீடிக்கின்றன. ஈழத்தமிழ் மூத்தோர் இக்கேள்விகளை எதிர்கொள்ளும் வேளையில், நம் சமூகம் தன் பங்குக்கு ஒரு விடையை ஏற்கெனவே கைவசம் வைத்திருக்கிறது: "எங்கட ஆக்கள் அம்மா அப்பாவை ஹோமில விடமாட்டினம்." இவ்விடை எவ்வளவு உண்மையானது, அது யாருக்குப் பயன்படுகிறது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வறியோர் சட்டம் இல்லாத மாகாணம்

இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் காலத்திலிருந்து வறியோர் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் தன் வறியோரைப் பராமரிக்கும் கடமை உடையதாயிருந்தது. இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடா 1792இல் ஆங்கிலச் சட்டத்தைத் தனதாக்கிக்கொண்டபோது வறியோர் சட்டத்தை மட்டும் விலக்கிவைத்தது. புதிய நாடு, நிலம் தாராளம், உழைக்க விரும்புவோருக்கு வறுமை இல்லை என்பது அக்கால நம்பிக்கை. ஆதரவற்ற முதியவரைத் தாங்கும் சட்டக் கடமை எவருக்கும் இருக்கவில்லை. அண்டை அயலார் தாங்கினர். தாங்க முடியாதபோது சிறைச்சாலை தாங்கியது. வேறு இடமின்மையால் குளிர்காலத்தை உள்ளூர்ச் சிறையில் கழித்த முதியோரைச் சிறைப் பரிசோதகர்கள் தம் அறிக்கைகளில் குறிப்பிட்டுள்ளனர்.

ரொறொன்ரோவில் உழைப்பு இல்லம் 1837இல் தொடங்கப்பெற்று, 1848இல் எல்ம் வீதியில் தனக்கெனக் கட்டடம் பெற்றது. மாகாணம் முழுவதும் இத்தகைய இல்லங்கள் பரவ மேலும் அரை நூற்றாண்டு சென்றது. ஒவ்வொரு கவுண்டியும் தஞ்ச இல்லமொன்றை நிறுவவேண்டும் என்ற கட்டாயம் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வந்தது. அங்கு வாழ்ந்தோரைப் பதிவேடுகள் 'இன்மேற்' என்றே குறித்தன. சிறையில் இருப்போரையும் அதே சொல்லால் குறிப்பதுண்டு. இயன்றவர்கள் பண்ணையிலும் சமையலறையிலும் வேலை செய்தனர். அச்சூழல் வேண்டுமென்றே கடுமையாக வைக்கப்பட்டது. உள்ளே வருவது எளிதாயிருந்தால் குடும்பங்கள் தம் முதியோரைக் கொண்டுவந்து தள்ளிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அவ்வச்சம் எவ்வளவு உண்மையானது? எட்கார்-அந்திரே மொன்ரினி 1997இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவ்வினாவை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒன்ராறியோ அரசு, குடும்பங்கள் பொறுப்பற்றுப் போய்விட்டன, முதியோரை அரசின் தலையில் சுமத்துகின்றன என்று திரும்பத் திரும்பக் கூறியது. குடித்தொகைக் கணக்குகளோ வேறு கதை சொல்கின்றன. பெரும்பாலான முதியோர் தம் துணையுடனோ பிள்ளைகளுடனோ உறவினருடனோதான் வாழ்ந்தனர். நிறுவனங்களை நாடியோரில் பலர் உறவற்றோர், அல்லது குடும்பம் எவ்வளவு முயன்றும் தாங்கமுடியாத நோயுற்றோர். குடும்பம் சிதைந்துவிட்டது என்ற கூற்று உண்மை நிலையின் விவரணம் அன்று. செலவைக் குறைக்க விரும்பிய அரசின் வாதம். இம்முடிவை நாம் மனத்திருத்த வேண்டும். பின்வரும் ஒவ்வொரு காலகட்டத்திலும் இதே வாதம் வெவ்வேறு உடையில் திரும்பி வருகிறது.

1921இல் ஒன்ராறியோ பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றிப் பிள்ளைகளின் கடமையைச் சட்டமாக்கியது. தம்மை வளர்த்த பெற்றோர் தேவையுறும்போது, வளர்ந்த பிள்ளைகள் தம்மால் இயன்றளவு ஆதரிக்கவேண்டும் என்ற விதி இன்றைய குடும்பச் சட்டத்திலும் உண்டு. வெள்ளையர் பெற்றோரைக் கைவிடுவர், தமிழர் பேணுவர் என்ற எளிய எதிர்நிலை இங்கேயே தளர்ந்துபோகிறது.

3. ஓய்வூதியமும் பெயர் மாற்றமும்

1927இல் கனடாவின் முதலாவது முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறியது. மாதம் ஆகக்கூடியது 20 டொலர். எழுபது வயதை அடைந்திருக்கவேண்டும், பிரித்தானியப் பிரசையாயிருக்கவேண்டும், கனடாவில் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கவேண்டும், வருமானச் சோதனைக்கு உட்படவேண்டும். இந்தியர் சட்டத்துக்கு உட்பட்ட முதற்குடியினர் விலக்கப்பட்டனர். ஒன்ராறியோ 1929இல் இத்திட்டத்தில் இணைந்தது. 1952 முதல் எழுபது வயதைக் கடந்தோர்க்கு வருமானச் சோதனையற்ற ஓய்வூதியம் வந்தது. 1970 அளவில் அவ்வயது அறுபத்தைந்தாகக் குறைந்தது. ஆயினும் 'எத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தாய்' என்ற கேள்வி மட்டும் ஒருபோதும் நீங்கவில்லை.

ஓய்வூதியம் கைக்கு வந்ததும் முதியவர் வறியவர் என்ற நிலையிலிருந்து கட்டணம் செலுத்தக்கூடியவர் என்ற நிலைக்கு மாறினார். தஞ்ச இல்லம் என்ற பெயர் கூசத் தொடங்கியது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை முதியோர் இல்லங்கள் எனப் பெயர் மாற்றியது. பல இடங்களில் கட்டடம் மாறவில்லை, ஊழியர் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. எனினும் அக்காலத்தின் நற்பயன் ஒன்று இன்றும் நிலைக்கிறது. தென் ஒன்ராறியோவின் மேல்நிலை நகராட்சிகளும் கவுண்டிகளும் குறைந்தது ஓர் இல்லத்தையாவது நடத்தும் கடமை உடையன. ரொறொன்ரோ மாநகராட்சி பத்து இல்லங்களைத் தானே நடத்துகிறது. நம் சமூகத்தின் எதிர்காலத்துக்கு இத்தகவல் மிக முக்கியமானது. இதற்கு இறுதியில் திரும்புவேன்.

4. மருத்துவக் காப்புறுதியின் எல்லைக்கோடு

கனடாவுக்கு வந்த தமிழர் பெருமையோடு பேசும் முதல் விடயம் மருத்துவம் இலவசம் என்பது. இலவச மருத்துவமனைகளைக் கொண்ட இலங்கையிலிருந்து வந்தோருக்கு இது இயல்பாகவே தோன்றியது. ஆனால் கனடாவின் ஏற்பாடு மருத்துவமனையையும் மருத்துவரையும் மையமாகக் கொண்டு எழுந்தது. 1957ஆம் ஆண்டின் மருத்துவமனைக் காப்புறுதிச் சட்டம் தாதிமை இல்லங்களையும் முதியோர் இல்லங்களையும் தன் செலவுப் பங்கீட்டிலிருந்து விலக்கியது. 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் அவற்றை 'விரிவாக்கிய சுகாதார சேவைகள்' எனத் தனியே வகைப்படுத்திற்று. காப்புறுதி பெற்ற சேவைகளுக்குரிய நிபந்தனைகள் அவற்றுக்குப் பொருந்தா. இதய அறுவைச் சிகிச்சை உரிமையாயிற்று. நீண்டகாலப் பராமரிப்பு மாகாணத்தின் விருப்பாயிற்று. குணமாகக்கூடிய நோய்க்கும் குணமாகாத தளர்ச்சிக்கும் இடையே சட்டம் இழுத்த கோடு இது.

அக்கோட்டின் வெளிப்புறத்தில் தனியார் தாதிமை இல்லங்கள் பெருகின. 1966இல் ஒன்ராறியோ தாதிமை இல்லச் சட்டத்தை இயற்றி அவற்றை ஒழுங்குபடுத்த முனைந்தது. 1972இல் நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரத் தாதிமை தேவைப்படுவோர்க்கு மாகாணக் காப்புறுதி நிதியளிக்கத் தொடங்கியது. நிதி உறுதியானதும் முதலீட்டாளர் வந்தனர். இன்று மாகாணத்தின் 600க்கும் மேற்பட்ட இல்லங்களில் பாதிக்கு மேற்பட்டவை இலாப நோக்குடையவை. 1972ஆம் ஆண்டுத் தரவிதிகளுக்கமைய நால்வர் படுக்கும் அறைகளுடன் கட்டப்பட்ட இல்லங்கள் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இயங்கிவந்தன. 2020இல் கோவிட் தொற்று அவற்றுட் புகுந்தபோது, பழைய அறைகளே பெரும் மரணக் களங்களாயின. முதல் அலையில் கனடாவில் நேர்ந்த கோவிட் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலும் அவற்றையொத்த இடங்களிலும் நிகழ்ந்தவை. கனடிய இராணுவம் ஒன்ராறியோவில் முதலில் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்கு அழைக்கப்பட்டது. அது கண்ட நிலைமைகளை எடுத்துரைத்த அறிக்கை மே 2020இல் வெளியாயிற்று. பிராங் மரொக்கோ தலைமையிலான ஆணைக்குழு 2021 ஏப்பிரலில் தன் இறுதி அறிக்கையைக் கையளித்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட புதிய சட்டம், ஒவ்வொரு வதிவாளருக்கும் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு மணிநேர நேரடிப் பராமரிப்பை இலக்காக வைத்தது.

இவ்வரலாற்றின் விளைவாக இன்று மூத்தோர் முன் நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, வீட்டிலிருந்தபடியே மாகாண நிதியில் பெறும் தாதிமையும் தனிநபர் பராமரிப்பு உதவியும், மணிநேரங்கள் சொற்பம். இரண்டாவது, பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களும் உதவியுடன் கூடிய வதிவிடங்களும். மூன்றாவது, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் தனியார் ஓய்வு இல்லங்கள். முழுச் செலவும் குடியிருப்போருடையது. நான்காவது, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். இதில் பராமரிப்புச் செலவை மாகாணமும், உறைவிட உணவுச் செலவாக மாதம் ஏறத்தாழ 2,000 டொலரை வதிவாளரும் ஏற்கின்றனர். வசதி குறைந்தோர் கட்டணக் குறைப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதலாம், நான்காம் வழிகளின் வாயிலில் ஒரே திறவுகோல் கேட்கப்படும்: மாகாணச் சுகாதார அட்டை.

5. யாழ்ப்பாணத்து முதுமையின் பொருளியல்

ஈழத்தமிழர் தம் பெற்றோரைப் பேணிய முறையை வெறும் பண்பாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது ஒரு பொருளியல் ஏற்பாடுமாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் உடைமையாக வரையறுத்தது. வீடும் வளவும் மகளுக்குச் சென்றன; மருமகன் அங்கே வந்து குடியமர்ந்தான். கடைசி மகளின் சீதன வீட்டில் பெற்றோர் தம் முதுமையைக் கழிப்பது பரவலான வழக்கு. தாம் கொடுத்த வீட்டில், தாம் நட்ட பனையும் மாவும் சூழ, தம் மகளின் கையால் உண்பதில் தாழ்வில்லை. உறவினர் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தமையால் பராமரிப்பு ஒருத்தியின் சுமையாக மட்டும் இருக்கவில்லை.

இதனோடு ஓய்வூதியமும் சேர்ந்தது. அரசாங்க எழுதுவினைஞர், ஆசிரியர், புகையிரதப் பகுதியினர் ஆகியோர் பென்சனோடு ஊர் திரும்பினர். மலாயாவில் பணியாற்றித் திரும்பிய 'மலாயாப் பென்சனியர்' யாழ்ப்பாணச் சமூகத்தில் தனி மதிப்புப் பெற்றனர். 1898இல் தொடங்கிய விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதி, கணவனை இழந்த பெண்ணின் கையிலும் சிறிது பணத்தை வைத்தது. வீடு, வளவு, பென்சன், அயல் ஆகிய நான்கு தூண்களில் நின்றது அம்முதுமை. தூண் இல்லாதோரும் இருந்தனர். அவர்களுக்காகவே கைதடி முதியோர் இல்லம் போன்றவை இருந்தன, இருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் இலங்கை மூத்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைகளின் கடமையைச் சட்டமாக்கவேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. சட்டம் தேவைப்படும் இடத்தில் வழக்கம் மட்டும் போதவில்லை என்பது பொருள்.

1983க்குப் பின்னர் அந்த நான்கு தூண்களும் ஒருசேரச் சரிந்தன. வீடு குண்டுக்கு இரையாயிற்று, அல்லது பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டது. பென்சன் டொலராக மாறியபோது சொற்பமாயிற்று. அயல் உலகமெங்கும் சிதறியது. மகளின் வீட்டில் பெருமையோடு வாழ்ந்த தாய், பிள்ளைகளின் அடமான வீட்டின் நிலவறையில் விருந்தாளியானாள். கொடுத்தவள் பெறுபவளானாள். இம்மாற்றத்தைக் கணக்கிலெடுக்காமல் நம் பண்பாட்டைப் பற்றிப் பேசுவது, அடித்தளம் இல்லாத வீட்டைப் பற்றிப் பேசுவதாகும்.

6. பொறுப்பேற்பும் சுப்பர் விசாவும்

மூத்தோர் கனடாவுக்கு வந்த பிரதான வழி குடும்ப வகுப்புக் குடிவரவு. மக்கள் வழக்கில் 'ஸ்பொன்சர்' எனப்படும் பொறுப்பேற்பின் மூலம், பிள்ளை தன் பெற்றோர் பொதுநிதியை நாடாதவாறு தாங்குவதாக அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். நெடுங்காலம் இப்பொறுப்பு பத்து ஆண்டுகளுக்கானதாயிருந்தது. கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 2014 ஜனவரி முதல் அது இருபது ஆண்டுகளாயிற்று. அறுபத்தெட்டு வயதில் வரும் தாய்க்கு எண்பத்தெட்டு வயது வரை பிள்ளையே பொறுப்பு. முதியோர் ஓய்வூதியத்தின் ஒரு பங்கையேனும் பெறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்கவேண்டும். முழுத்தொகைக்கு நாற்பது ஆண்டுகள். குறைந்த வருமானத்தோருக்குரிய உத்தரவாத மேலதிகத் தொகையும் பொறுப்பேற்புக் காலம் முழுவதும் மறுக்கப்படும் வகையில் விதிகள் இறுக்கப்பட்டன. 1927இல் கேட்கப்பட்ட இருபது ஆண்டும் 2014இல் விதிக்கப்பட்ட இருபது ஆண்டும் தற்செயலாக ஒத்துப்போகலாம். ஆனால் அவற்றின் பின்னுள்ள கேள்வி ஒன்றே: இவர் நம்மவரா?

2011 டிசம்பரில் அறிமுகமான சுப்பர் விசா இக்கேள்விக்கு இன்னும் வெளிப்படையான விடை தந்தது. பெற்றோர் வரலாம், ஒரே தடவையில் முதலில் ஈராண்டும், 2022 முதல் ஐந்தாண்டும் தங்கலாம். ஆனால் குறைந்தது 100,000 டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கவேண்டும். மாகாணச் சுகாதார அட்டை இல்லை. எனவே அரச நிதியிலான வீட்டுப் பராமரிப்பும் இல்லை, நீண்டகாலப் பராமரிப்பு இல்லமும் இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த பாட்டி பக்கவாதத்தால் வீழ்ந்தால், நான்கு வழிகளில் இரண்டு வழிகள் சட்டப்படி மூடப்பட்டுவிடுகின்றன. மூன்றாவது வழி பெரும்பாலோருக்குப் பணத்தால் மூடப்பட்டிருக்கிறது. எஞ்சுவது மகளோ மருமகளோ வேலையை விடுவதுதான்.

அம்மகளின் வேலை எது என்பதையும் நோக்கவேண்டும். கனடாவின் தாதி உதவியாளருள் குடிவரவாளர் பங்கு 1996இல் 22 சதவீதமாயிருந்து 2016இல் 36 சதவீதமாயிற்று எனக் கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் கூறுகிறது. ரொறொன்ரோவில் இப்பங்கு இதனினும் மிக அதிகம். பிறருடைய பெற்றோரை நீராட்டி உணவூட்டிவிட்டு, இரவு வீடு திரும்பித் தன் தாயை நீராட்டும் தமிழ்ப் பெண்கள் நம்மிடையே பலர். "எங்கட ஆக்கள் ஹோமில விடமாட்டினம்" என்ற வாக்கியத்தின் எழுவாய் 'எங்கட ஆக்கள்' என்றிருந்தாலும், அதன் வினையைச் செய்பவள் பெரும்பாலும் ஒருத்தியே. அவளுடைய உழைப்பே அரசுக்குச் சேமிப்பாகவும் சமூகத்துக்குப் பெருமையாகவும் இருமுறை கணக்கிடப்படுகிறது.

7. மொழி என்னும் மருந்து

ரொறொன்ரோவின் பிற சமூகங்கள் இதே சிக்கலை நமக்கு முன்னரே எதிர்கொண்டன. 'எஸ்ராஸ் நோஷிம்' என்ற யூதப் பெண்கள் அமைப்பு வீடு வீடாகப் பணம் திரட்டி, செசில் வீதியில் வாங்கிய வீட்டில் 1918 அளவில் முதியோர் இல்லம் ஒன்றைத் தொடங்கிற்று. பிற நிறுவனங்களில் தம் முதியோருக்குச் சமயவிதிப்படியான உணவும் யித்திஷ் மொழியும் கிடைக்கவில்லை என்பதே அவர்களின் கவலை. அவ்வில்லமே இன்றைய பேகிரெஸ்ற் நிலையமாக வளர்ந்தது. 1975இல் சீனர் மொன் ஷியோங் இல்லத்தையும், 1976இல் இத்தாலியர் வில்லா கொலம்போவையும் திறந்தனர். மருத்துவர் ஜோசப் வொங் முதலானோர் முயற்சியால் 1994இல் ஸ்காபரோவில் யீ ஹொங் நிலையம் தொண்ணூறு படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. பெற்றோரைப் பேணுவதைத் தலையாய அறமாகக் கொண்ட சமூகம் சீனச் சமூகம். அது இல்லம் கட்டியதைத் தன் அறத்தின் தோல்வியாகக் கருதவில்லை. அறத்தைச் செய்யும் புதிய வழியாகவே கருதியது.

மொழி ஏன் இத்துணை முக்கியம் என்பதை நூல்களிலிருந்து மட்டும் நான் அறியவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியையான என் தாயாரை, எண்பதுகளின் நடுவில் மறதிநோய்ச் சோதனைக்கு அழைத்துச் சென்றேன். அது ஜூலை மாதம். தொலைபேசிவழி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கேள்விகளைத் தமிழில் கேட்டார். "இது எந்தப் பருவகாலம்?" என்ற கேள்விக்கு அம்மா சற்று யோசித்து, "சோளகம்" என்றார். மொழிபெயர்ப்பாளர் தமிழர்தாம், ஆனால் வேறு பிரதேசத்தவர். பதில் தெளிவில்லை என்று அவர் ஆங்கிலத்தில் கூற, பரிசோதகர் பூச்சியத்தைக் குறித்துக்கொண்டார். குடும்பத்தினர் இடையில் பேசலாகாது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தேன். வைகாசி முதல் புரட்டாதி வரை யாழ்ப்பாணத்தில் வீசும் தென்மேற்குக் காற்றே சோளகம். ஆடி மாதத்தில் அம்மா சொன்ன விடை பிழையற்றது. பரிசோதகரிடம் குறையில்லை, மொழிபெயர்ப்பாளரிடமும் குறையில்லை. எம் பருவங்களை அறியாத ஒரு படிவம் அங்கே இருந்தது, அவ்வளவே. அப்படிவத்தின் கூட்டுத்தொகையே பின்னர் அம்மாவுக்குரிய பராமரிப்பு மணிநேரங்களைத் தீர்மானித்த கோப்பினுள் சென்றது.

மறதிநோய் முற்றும்போது பின்னர் கற்ற மொழிகள் முதலில் நழுவுவதுண்டு. தாய்மொழி நெடுநாள் தங்கும். பசி, நோவு, பயம் ஆகியவற்றைச் சொல்ல எஞ்சும் ஒரே கருவி அதுவாகும்போது, தமிழ் பேசும் ஊழியர் வசதியல்லர், சிகிச்சையின் பகுதியாவர். ஒன்ராறியோவின் விதிகள் இதனை ஓரளவு ஏற்கின்றன. குறிப்பிட்ட சமய, இன, மொழிப் பின்னணியினருக்கு முதன்மையாகச் சேவைசெய்யும் இல்லங்களை நாடும் அப்பின்னணியினருக்குக் காத்திருப்போர் பட்டியலில் தனி வகை உண்டு. ஆனால் அத்தகைய இல்லமோ பிரிவோ இருந்தால்தான் அவ்வகை பயன்தரும். இல்லாத இடத்தில் அவ்வரிசையில் நிற்க இடமே இல்லை. மறுபுறம், 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் படுக்கையை நிரப்பியிருக்கும் முதியவரைத் தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரையான தொலைவிலுள்ள, அவர் தெரிவுசெய்யாத இல்லத்துக்கு அனுப்பலாம். மறுத்து மருத்துவமனையிலேயே தங்கினால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படும். ஸ்காபரோவிலிருந்து 70 கிலோமீற்றர் என்பது, தமிழ் ஒலிக்காத ஊர் என்பதன் மறுபெயராகக்கூடும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

முதலாவதாக, ஒன்ராறியோவின் முதியோர் இல்லம் அந்நியப் பண்பாட்டின் அன்பின்மையால் பிறந்ததன்று. வறுமையைக் குற்றமாகக் கண்ட சட்டத்தால் அது பிறந்தது. அங்கும் குடும்பங்கள் தம்மால் இயன்றவரை தாங்கின. இல்லத்தின்மேல் படிந்த இழிவு அக்காலச் சிக்கனத்தின் எச்சம். அவ்விழிவை நாம் நம் பண்பாட்டின் பெயரால் மீண்டும் பூசவேண்டியதில்லை.

இரண்டாவதாக, நம் குடும்பப் பெருமையும் அரசின் செலவுக் குறைப்பும் ஒரே வாக்கியத்தைப் பேசுகின்றன. தமிழர் தம் முதியோரைத் தாமே பார்த்துக்கொள்வர் என்று நாம் சொல்லும்போது, அவர்களுக்கு வேறொன்றும் தேவையில்லை என்று கொள்கை வகுப்போர் கேட்கின்றனர். பெருமையைக் கைவிடவேண்டாம், ஆனால் அதைச் சான்றாகப் பயன்படுத்த இடமளிக்கலாகாது.

மூன்றாவதாக, வழி உண்டு. சொந்தமாக இல்லம் கட்டப் பல்லாண்டு முயற்சியும் பெருநிதியும் தேவை, அது நடக்கட்டும். அதற்கு முன், 1940களின் சட்டத்தால் நகராட்சிகள் ஏற்ற கடமை நம் கையருகே உள்ளது. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் ஆகிய இடங்களின் தமிழ் வாக்காளரும் வரியிறுப்பாளரும் தம் நகராட்சி, பிராந்திய இல்லங்களில் தமிழ்ப் பிரிவுகளையும் தமிழ் ஊழியரையும் மரக்கறி உணவையும் கோரலாம். அது சலுகை அன்று, உரிமை. பொறுப்பேற்புக் காலத்தைக் குறைக்கவும், சுப்பர் விசாவில் வந்து நோயுற்றோருக்கு வீட்டுப் பராமரிப்பு வழங்கவும் பிற குடிவரவாளர் சமூகங்களுடன் இணைந்து குரல்கொடுக்கலாம். நம் பல்கலைக்கழகத் துறைகளோ, ஈழத்து வழக்குச் சொற்களையும் காலக்கணிப்பையும் உட்கொண்ட மறதிநோய்ச் சோதனைப் படிவங்களை மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கலாம். தமிழியல் ஆய்வு முதியவர் ஒருவரின் படுக்கையருகே சென்று பயன்படக்கூடிய துறை அது.

வெலிங்ரன் அருங்காட்சியகத்துக்கு நான் சென்றபோது, பழைய சேர்க்கைப் பதிவேட்டின் பக்கமொன்றைப் பார்த்தேன். பெயர், வயது, பிறந்த நாடு, அனுப்பிய ஊர், வந்த காரணம் எனக் கட்டங்கள். அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் பிறந்து கடல்கடந்து வந்து, அங்கே முதுமையடைந்தோர் அவர்கள். அவர்களும் குடிவரவாளரே. அவர்கள் எந்த மொழியில் முறையிட்டனர், எந்தக் காற்றை நினைத்திருந்தனர் என்பதற்கு அப்பதிவேட்டில் கட்டம் இல்லை. நம் மூத்தோரைப் பற்றி எழுதப்படும் பதிவேடுகளில் அக்கட்டம் இருக்கவேண்டும். அதை வரைந்து கொடுக்கவேண்டியவர்கள் நாமே.